இரண்டு பக்கமும் தூது போனவர்

1868 ஜூன் முதல் வாரம். பதவிநீக்க விசாரணையில் ஒரே ஓட்டில் தப்பித்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன், அந்தச் சூடு ஆறுவதற்குள் வெள்ளை மாளிகையில் சீனப் பேரரசின் தூதுக்குழுவை வரவேற்கிறார். பட்டு அங்கியில் இரண்டு சீன அதிகாரிகள் நிற்கிறார்கள். ஆனால் குழுவின் தலைவர் அவர்களில் யாரும் இல்லை. முன்னால் நின்று பேசுகிறவர் ஒரு பாஸ்டன் வக்கீல். அதே வாஷிங்டனில் மூன்று தவணை காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். பெயர் ஆன்சன் பர்லிங்கேம். ஏழு மாதம் முன்புவரை சீனாவில் அமெரிக்காவின் தூதர். இப்போது அமெரிக்காவில் சீனாவின் தூதர்.

ஒரே ஆள் இப்படிப் பக்கம் மாறி, இரண்டு அரசுகளும் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்ட வேறு கதை எனக்குத் தெரிந்து இல்லை. இந்த ஆய்வில் நான் பார்க்க நினைப்பது ஒன்றைத்தான்: பின்னால் படையும் இல்லை, கையெழுத்துப் போட முழு அதிகாரமும் இல்லை என்ற நிலையில், ஒரு தூதர் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்?

ஆள் யார்

பர்லிங்கேம் பிறந்தது 1820 நவம்பர் 14, நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில். குடும்பம் நிலம் தேடி மேற்கே நகர்ந்த குடும்பம். முதலில் ஒஹையோ, பிறகு டெட்ராய்ட். ஹார்வர்டில் சட்டம் படித்து 1846-இல் முடித்தார். மறுவருஷம் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பெரிய வீட்டுப் பெண் ஜேன் லிவர்மோரை மணந்தார். எல்லைப்புறத்துப் பையன் பாஸ்டன் மேல்தட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். குரல் நன்றாக இருந்தது, மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தது. அடிமைமுறை எதிர்ப்பாளராக மாநில அரசியலில் மேலே வந்தார்.

1854-இல் அவர் காங்கிரஸுக்குத் தேர்வான டிக்கெட்டை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அது அமெரிக்கன் கட்சி, அதாவது 'ஒன்றும் தெரியாதவர்கள்' என்று பட்டப்பெயர் பெற்ற கட்சி. கப்பலில் வந்திறங்கும் ஐரிஷ் கத்தோலிக்கர்களைக் கண்டு எரிச்சல்பட்ட கூட்டம் அது. அந்த வருஷம் மாசசூசெட்ஸையே அள்ளிக்கொண்டு போனது. சீக்கிரமே அதை விட்டுவிட்டு, புதிதாக முளைத்த குடியரசுக் கட்சிக்கு வந்துவிட்டார். ஆனால் வெளியூர்க்காரனை விரட்டும் கட்சியின் தோளில் ஏறி வாஷிங்டன் போனவர்தான், 14 வருஷம் கழித்து, ஊர் மாறிப் போவது மனிதனின் பறிக்க முடியாத உரிமை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார். கொள்கை மாறியதா, வசதி மாறியதா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

நயாகராவில் நடக்காத சண்டை

அவரை நாடறிய வைத்தது 1856. கான்சாஸில் அடிமைமுறையைத் திணிப்பதைக் கண்டித்து மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் இரண்டு நாள் பேசினார். மே 22 அன்று தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்துக்குள் வந்து, மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடி உடையும்வரை மண்டையில் அடித்தார். சம்னர் முழுமையாக வேலைக்குத் திரும்ப மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. புரூக்ஸுக்கு நீதிமன்றம் விதித்தது 300 டாலர் அபராதம்.

ஜூன் 21 அன்று பர்லிங்கேம் சபையில் எழுந்தார். பைபிளில் காயீன் தன் தம்பியை அடித்ததுபோல புரூக்ஸ் அடித்தார் என்றார். நிராயுதபாணியை அடிப்பது எந்த ஊர் வீரம் என்று கேட்டார். நடுவில் ஆட்கள் புகுந்து சமாதானக் குறிப்பு ஒன்றைத் தயாரித்தார்கள். அதைப் படித்த பாஸ்டன்காரர்கள் முகம் சுளிக்கவே, பர்லிங்கேம் பத்திரிகையில் அதை வாபஸ் வாங்கி, சொன்னது சொன்னதுதான் என்று போட்டார். புரூக்ஸ் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார்.

வட மாநில அரசியல்வாதிகள் இப்படிப்பட்ட அழைப்பை ஏற்பது வழக்கமில்லை. காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள், தெற்கத்தியர்கள் கோழை என்று சிரிப்பார்கள். பர்லிங்கேம் ஏற்றார். ஆயுதம் ரைஃபிள்; அவர் குறி தப்பாதவர் என்று பெயர். இடம், நயாகரா அருவியின் கனடாப் பக்கம். இந்த இடத்தேர்வைச் செய்தவர் அவர் சார்பில் பேசிய ஒஹையோ உறுப்பினர் லூயிஸ் கேம்ப்பெல். அதில் இரண்டு கணக்கு இருந்தது. வாஷிங்டனில் துவந்த யுத்தம் சட்டவிரோதம் என்பதால் எல்லை தாண்டியது பாதுகாப்பு. இன்னொன்று, அங்கே போக வேண்டுமானால் புரூக்ஸ் வட மாநிலங்களின் வழியாக ரயிலேற வேண்டும். எதிரி நாட்டின் வழியே எப்படி வருவது என்று புரூக்ஸ் மறுத்துவிட்டார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அதுவரை மிரட்டியவர் பின்வாங்கியவரானார். மறுவருஷம் ஜனவரியில் புரூக்ஸ் நோய்வாய்ப்பட்டு இறந்தும் போனார்.

பர்லிங்கேமின் பிற்காலம் முழுக்க இந்தச் சூத்திரத்தின் மறுபதிப்பாகவே எனக்குப் படுகிறது. நேருக்கு நேர் உறுதியாக நிற்பது, அரங்கைத் தனக்குச் சாதகமாக அமைத்துக்கொள்வது, சுட வேண்டிய கட்டம் வராமல் பார்த்துக்கொள்வது.

வியன்னா வேண்டாம் என்றது

1860 தேர்தலில் லிங்கன் ஜெயித்தார், லிங்கனுக்காக ஊர் ஊராகப் பேசிய பர்லிங்கேம் தன் தொகுதியில் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். ஆறுதல் பரிசாக ஆஸ்திரியத் தூதர் பதவி வந்தது. ஹங்கேரியின் விடுதலைக்காக மேடையில் முழங்கியவரை ஆஸ்திரியப் பேரரசர் எப்படி ஏற்பார்? முடியாது என்று வியன்னா சொன்னபோது பர்லிங்கேம் ஐரோப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அப்படியே சீனாவுக்கு மாற்றினார்கள். விபத்தாகக் கிடைத்த வேலை. மொழி தெரியாது, நாட்டைப் பற்றியும் பெரிதாகத் தெரியாது.

1862 ஜூலையில் தலைநகர் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) வந்து சேர்ந்தார். தலைநகரிலேயே தங்கிய முதல் அமெரிக்கத் தூதர் அவர். இரண்டு வருஷம் முன்புதான் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் நகருக்குள் புகுந்து கோடை அரண்மனையைக் கொளுத்தியிருந்தன. தெற்கே தைப்பிங் கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலோ உள்நாட்டுப் போர்; அவருக்குத் துணையாக ஒரு போர்க்கப்பலை அனுப்பவும் லிங்கன் அரசுக்குக் கை ஒழியவில்லை. அந்த வறுமையே அவருக்குக் கை கொடுத்தது. மிரட்ட வழியில்லாதவன் பேசித்தானே ஆகவேண்டும்.

பிரிட்டிஷ் தூதர் சர் பிரெடரிக் புரூஸ், பிரெஞ்சு, ரஷ்யத் தூதர்கள் ஆகியோரை உட்காரவைத்துப் பேசி ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். துறைமுக நகரங்களில் நிலத்தைத் துண்டு போட்டுத் தனதாக்கிக்கொள்ள மாட்டோம். ஒப்பந்தங்களை இருபுறமும் நியாயமாக நிறைவேற்றுவோம். சச்சரவு வந்தால் துறைமுகத்தில் பீரங்கியைத் திருப்பாமல் பீக்கிங் அரசிடமே பேசுவோம். 'கூட்டுறவுக் கொள்கை' என்று இதற்குப் பெயர். எதுவும் ஒப்பந்தமாக எழுதப்படவில்லை. நான்கு பேர் நல்ல மனநிலையில் இருக்கும்வரை ஓடும் வண்டி அது. ஓடியது.

சீனத் தரப்பில் அவரோடு பேசியது 1861-இல் தொடங்கிய வெளியுறவு அலுவலகமான சோங்லி யாமென். அதன் தலைவர் இளவரசர் கோங், மூளை வென்சியாங். அங்கே அவருக்கு நம்பிக்கை சேர்ந்த விதத்துக்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லலாம்.

1863-இல் சீனா பிரிட்டனிடம் ஆர்டர் கொடுத்த ஒரு சிறு போர்க்கப்பல் படை வந்து சேர்ந்தது. தளபதி ஷெரார்ட் ஆஸ்பர்ன் பேரரசரின் ஆணையை மட்டுமே, அதுவும் இடையில் லே என்ற ஆங்கிலேயச் சுங்க அதிகாரி வழியாக மட்டுமே ஏற்பேன் என்றார். காசு நம்முடையது, கப்பல் அவர்களுடையதா என்று சீனர்கள் கொதித்தார்கள். கப்பல்களைத் திருப்பி அனுப்பி விற்க வைத்த சமரசத்தில் பர்லிங்கேமுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருக்கு அதில் சொந்த அக்கறையும் இருந்தது: ஏலம் போட்டால் அமெரிக்கத் தென்மாநிலக் கூட்டணி அவற்றை வாங்கிவிடும் என்ற பயம்.

இரண்டாவது, புத்தகம். ஹென்றி வீட்டன் எழுதிய சர்வதேசச் சட்ட நூலை மிஷனரி மார்ட்டின் சீனத்தில் மொழிபெயர்த்திருந்தார். அவரை யாமெனுக்கு அறிமுகம் செய்தவர் பர்லிங்கேம். 1864-இல் பிரஷ்யக் கப்பல் ஒன்று சீனக் கடற்பகுதியில் டேனிஷ் கப்பல்களைப் பிடித்தபோது, யாமென் அந்த நூலில் படித்த சட்டத்தைச் சொல்லியே பிரஷ்யரைப் பணியவைத்தது. பீரங்கியால் தோற்றவர்களுக்குக் காகிதமும் ஆயுதமாகும் என்று தெரிந்த நாள் அது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சூ ஜியூ என்ற அதிகாரி 1840-களில் எழுதிய உலக நிலவியல் நூலில் ஜார்ஜ் வாஷிங்டனை வானளாவப் புகழ்ந்திருந்தார்: நாட்டை வென்றும் அரசபட்டம் சூடாதவர், பதவியைப் பிள்ளைக்குக் கொடுக்காதவர் என்று. வெளிநாட்டானை இப்படிப் புகழ்ந்தவர், அவர்களிடம் வளைந்து போகிறவர் என்ற பழி அவர் வேலையைத் தின்றது. அந்த வரிகளைப் பொறித்த கல் 1853-இல் கடல் கடந்து போய் வாஷிங்டன் நினைவுத்தூணின் உட்சுவரில் ஏறியது. எழுதியவரோ ஊரில் வாத்தியார் வேலை பார்த்தார். 1865-இல் யாமெனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1867 அக்டோபரில் வாஷிங்டனின் வண்ண ஓவியம் ஒன்றை வரவழைத்து, முதியவரான சூ ஜியூவின் கையில் பர்லிங்கேம் முறைப்படி கொடுத்தார். செலவு சொற்பம். யாமெனில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் புரிந்திருக்கும்.

கொஞ்சம் விலகி ஒரு காட்சி. 1866 ஜூனில் விடுப்பு முடிந்து சீனா திரும்பும் வழியில் ஹொனலூலுவில் தங்கினார். ஹார்னெட் என்ற கப்பல் தீப்பிடித்து, திறந்த படகில் 43 நாள் பட்டினியாக மிதந்து கரையேறிய மாலுமிகள் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செய்தி எழுத வேண்டிய நிருபருக்கோ குதிரைச் சவாரியால் வந்த புண். எழுந்து உட்கார முடியவில்லை. பர்லிங்கேம் அவரைக் கட்டிலோடு தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் ஏற்பாடு செய்து, தானே மாலுமிகளிடம் கேள்வி கேட்டார். நிருபர் படுத்தபடி குறிப்பெடுத்தார். அந்த நிருபர் மார்க் ட்வைன். அவர் பெயரை வெளியே கொண்டுவந்த செய்திகளில் அது ஒன்று. தூதர் ஒருவர் கேள்வி கேட்டுக்கொடுக்க உட்கார்ந்தார் என்றால், ஆள் எப்படிப்பட்டவர் என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

வேலை மாற்றம்

1858 தியான்ஜின் ஒப்பந்தங்களைப் பத்து வருஷத்தில் திருத்தலாம் என்று ஷரத்து. 1868 நெருங்க நெருங்க யாமெனுக்கு உதறல்: ரயில் கேட்பார்களா, தந்தி கேட்பார்களா, உள்நாட்டுச் சுரங்கம் கேட்பார்களா? முன்கூட்டியே ஆள் அனுப்பி ஐரோப்பாவிடம் சொல்லிவைக்க வேண்டும். யாரை? மேல்நாட்டு மொழியும் நடைமுறையும் தெரிந்த மூத்த அதிகாரி ஒருவரும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் சாஷ்டாங்கம், அதாவது சீனப் பேரரசர் முன் யாரானாலும் தரையில் விழுந்து வணங்க வேண்டும் என்ற வழக்கம். சீனத் தூதர் மேற்கே போய் ராஜாவை நின்றபடி வணங்கிவிட்டு வந்தால், நாளை வெள்ளைக்காரத் தூதரும் பேரரசர் முன் நின்றபடிதான் வணங்குவேன் என்பார். அனுப்பப்படுகிறவரே வெள்ளைக்காரர் என்றால் அந்தச் சங்கடம் பாதி குறையும்.

1867 நவம்பரில் பர்லிங்கேம் அமெரிக்கப் பதவியை விட்டு விலகி சீனாவின் தூதரானார். கூடவே ஆளும் மஞ்சு இனத்து அதிகாரி ஜிகாங், ஹான் சீனர் சுன் ஜியாகு இருவரும் தூதர்கள். பிரிட்டன் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று ஓர் ஆங்கிலேயச் செயலர், பிரான்சுக்காக ஒரு பிரெஞ்சுச் செயலர். கல்யாணப் பந்தியில் யாரையும் விடாமல் உட்காரவைக்கிற கணக்கு. சீனாவுக்குத் தேசியக் கொடி என்று அதுவரை ஒன்று இல்லாததால், டிராகன் பொறித்த மஞ்சள் கொடி ஒன்றும் தயாரானது. முக்கியமான எதையும் யாமெனைக் கேட்டே செய்ய வேண்டும் என்பது உத்தரவு. புதிய ஒப்பந்தம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

நியூயார்க் பேச்சும் எட்டு ஷரத்தும்

பர்லிங்கேமுக்கு மேடை கிடைத்தால் என்ன ஆகும் என்று யாமெனுக்குத் தெரியாது. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி ஊரெல்லாம் விருந்து. ஜூன் 23 அன்று நியூயார்க்கில் பேசியபோது, சீனா விழித்துவிட்டது, வணிகரை அழைக்கிறது, ஒவ்வொரு மலையிலும் பள்ளத்தாக்கிலும் சிலுவையை நாட்ட மிஷனரிகளை அழைக்கிறது என்கிற அளவுக்குப் போனார். அதே மூச்சில், சீனாவை அதன் போக்கில் விடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள் என்றும் கேட்டார். இரண்டாவது, யாமென் சொல்லச் சொன்னது. முதலாவது, கூட்டம் கைதட்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பீக்கிங்கில் அவர் இடத்துக்கு வந்த அமெரிக்கத் தூதர் ராஸ் பிரவுன், சீனா அப்படியெல்லாம் மாறவில்லை என்று வெளிப்படையாகவே மறுத்தார். ஷாங்காய் வெள்ளை வணிகர்கள் பிரவுனைக் கொண்டாடினார்கள். பிரவுனுக்கு வேலை போனது. ஆனாலும் சீன நிலவரத்தை அவர்தான் சரியாகச் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

1868 ஜூலை 28 அன்று வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எழுதியவர் வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவார்ட். ஜிகாங்கும் சுன்னும் பர்லிங்கேமை நம்பிக் கையெழுத்திட்டார்கள். அதே நாளில்தான் அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம், அதாவது எல்லோருக்கும் சட்டத்தின் சம பாதுகாப்பு உண்டு என்ற திருத்தம், நிறைவேறியதாகவும் சீவார்ட் அறிவித்தார். செனட்டில் ஒப்பந்தத்துக்குத் துணை நின்றவர் வெளியுறவுக் குழுத் தலைவர் சார்லஸ் சம்னர்; 12 வருஷம் முன்பு யாருக்காக பர்லிங்கேம் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தாரோ, அவரே.

எட்டு ஷரத்துகள். சீனா அமெரிக்கத் துறைமுகங்களில் தூதரக அதிகாரிகளை வைக்கலாம். மதத்துக்காக எந்தப் பக்கத்தவரையும் துன்புறுத்தக் கூடாது. இரு நாட்டவரும் மற்ற நாட்டின் அரசுப் பள்ளிகளில் படிக்கலாம். ரயில், தந்தி எப்போது வேண்டும் என்பதைச் சீனப் பேரரசரே முடிவு செய்வார். ஐந்தாவது ஷரத்துதான் மையம்: வீட்டையும் விசுவாசத்தையும் மாற்றிக்கொள்ளும் உரிமை மனிதனோடு பிறந்தது, பறிக்க முடியாதது, ஆனால் விருப்பமில்லாதவரை ஏமாற்றிக் கப்பலேற்றுவது குற்றம். அந்தக் கால ஆள்பிடி வியாபாரத்தையும் 'கூலி' என்ற சொல்லையும் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அந்த வரிக்குள் பெரிய தத்துவம் இருந்தது, பெரிய தேவையும் இருந்தது. சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதையைச் சியரா மலையில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். சீவார்ட்டுக்கு இன்னும் ஆள் வேண்டும். மறுபுறம் ஆறாவது ஷரத்தில், இதனால் குடியுரிமை கிடைக்கும் என்று அர்த்தமில்லை என்று ஒரு வாக்கியம் நுழைந்தது. வா, வேலை செய், இரு. ஆனால் எங்களில் ஒருவனாக ஆகாதே. 1870-இல் குடியுரிமைச் சட்டத்திலிருந்து 'வெள்ளை' என்ற சொல்லை நீக்க சம்னர் போராடித் தோற்றார்.

பீட்டர்ஸ்பர்க்

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1868 நவம்பரில் விக்டோரியா அரசி சந்தித்தார். டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் கிளாரெண்டன், சீனாவின் மீது நட்புக்கு ஒவ்வாத நெருக்குதல் செலுத்த மாட்டோம் என்ற பொருளில் எழுதிக்கொடுத்தார். வாஷிங்டனில் அதிகாரம் இல்லாமல் போட்ட கையெழுத்தையும் பீக்கிங் ஒருவழியாக ஏற்று, 1869 நவம்பர் 23 அன்று உறுதிப்பத்திரம் மாற்றிக்கொண்டது. பாரிஸில் மாதக்கணக்கில் காத்திருந்தும் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. பெர்லினில் பிஸ்மார்க் நல்ல வார்த்தை சொன்னார்.

1870 பிப்ரவரியில் ரஷ்யா, அதன் தலைநகர் பீட்டர்ஸ்பர்க். மற்ற நாடுகள் கடல் தாண்டி வருகிறவை. ரஷ்யா மட்டுமே ஆயிரக்கணக்கான மைல் நில எல்லையைப் பகிர்ந்துகொண்ட நாடு. அங்கே இனிய பேச்சு எடுபடுமா என்ற கவலை அவரைத் தின்றதாக ஜிகாங்கின் பயணக்குறிப்பு சொல்கிறது. ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைச் சந்தித்த சில நாளில் நிமோனியா. பிப்ரவரி 23 அன்று, 49 வயதில், போய்விட்டார். உடல் பாஸ்டனின் ஃபேனியுல் மண்டபத்தில் வைக்கப்பட்டு, மவுண்ட் ஆபர்ன் கல்லறையில் அடக்கமானது. சீனா மறைவுக்குப் பின் அவருக்கு உயர்ந்த அரசுப் பட்டம் அளித்தது. மீதிப் பயணத்தை ஜிகாங்கும் சுன்னும் முடித்துக்கொண்டு திரும்புவதற்குள், ஜூனில் தியான்ஜினில் கலவரக் கும்பல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளைக் கொன்றது. நான்கு பேரின் நல்ல மனநிலையில் ஓடிய வண்டி அங்கே நின்றது.

கையெழுத்தின் ஆயுள்

இத்தோடு 'தோல்வி' என்று முத்திரை குத்துகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாள் அவருக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தனியாகவே நின்று தாங்கியது. கலிஃபோர்னியாவில் 'சீனர்கள் போகவேண்டும்' என்று கூட்டம் சேர்த்தவர் டெனிஸ் கியர்னி. அயர்லாந்தில் பிறந்து வந்தவர், அதாவது 1854-இல் பர்லிங்கேமின் கட்சி யாரை வெறுத்ததோ அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரு கப்பலுக்கு 15 சீனருக்கு மேல் கூடாது என்ற மசோதாவை 1879-இல் அதிபர் ஹேஸ் இந்த ஒப்பந்தத்தைக் காட்டியே தடுத்தார். சீனரை வேலைக்கு வைத்ததற்காகப் பாதரசச் சுரங்கக் கம்பெனித் தலைவர் திபூர்சியோ பாரட் கைதானபோது, 1880-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இதே ஒப்பந்தத்தையும் 14-ஆவது திருத்தத்தையும் சேர்த்துப் படித்து கலிஃபோர்னியச் சட்டம் செல்லாது என்றது. 1872 முதல், அமெரிக்காவில் படித்த சீனரான யுங் விங் ஏற்பாட்டில் 120 சீனச் சிறுவர்கள் நியூ இங்கிலாந்துக்குப் படிக்கப் போனதற்கும் இதன் கல்வி ஷரத்துதான் கதவு.

அதனால்தான் ஒப்பந்தத்தையே முதலில் உடைக்க வேண்டியிருந்தது. 1880-இல் பீக்கிங் போன அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் ஏஞ்சல், தொழிலாளர் வரவைக் கட்டுப்படுத்தலாம், நிறுத்திவைக்கலாம், அடியோடு தடை செய்யக் கூடாது என்று புது வாசகம் வாங்கிவந்தார். 1882-இல் சீனத் தொழிலாளர் வரவுக்குப் பத்து வருஷத் தடைச் சட்டம். அப்போதும் ஏற்கெனவே இருந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பலாம். அதற்குச் சான்றிதழ் உண்டு.

சே சான் பிங் 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தொழிலாளி. 1887 ஜூனில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு சீனா போனார். 1888 செப்டம்பரில் ஹாங்காங்கில் பெல்ஜிக் என்ற கப்பலில் திரும்ப ஏறினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது, அக்டோபர் 1 அன்று, அந்தச் சான்றிதழ்கள் அத்தனையும் செல்லாது என்ற சட்டத்தில் அதிபர் கிளீவ்லாண்ட் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்தில் சே சான் பிங் சான்றிதழைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். இறங்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1889 மே மாதம் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் எழுதிய தீர்ப்பில் பர்லிங்கேமின் ஐந்தாவது ஷரத்து வரிவரியாக எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. பிறகு, ஒப்பந்தத்துக்கு மாறாகக் காங்கிரஸ் பின்னால் சட்டம் போட்டால் சட்டமே நிற்கும் என்றது நீதிமன்றம். அந்த வருஷமே சே சான் பிங்கைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.